பனிக்குப் போகும் பன்னிரண்டு பேர்

ஜூன் 9

இது கழிவு டைரி. இவர் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில் ஒரு கட்டு டைரிக்குத் தேதி எல்லாம் ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டதாம். குப்பைக்குப் போகிறதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அச்சான தேதியை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். எனக்கு எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது. ரேஷன் கடையில் பகல் முழுக்கக் கத்திவிட்டு வந்தால் வீட்டில் வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது. மிச்சத்தை இதில் கத்தலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் தாரணிக்கு ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை உறுதியாகிவிட்டது. நர்சிங் கடைசி வருஷம் முடித்து, பாஷை படித்து, அடுத்த வருஷம் ஜூலையில் விமானம் ஏறுகிறாள். நல்ல விஷயம். தெருவே சொல்கிறது நல்ல விஷயம் என்று. நானும் சொல்கிறேன்.

அந்த ஊர் படத்தைக் காட்டினாள். வீட்டுக்கூரை, மரம், கார் எல்லாம் பனி. "மொதத் தடவ பனியத் தொடும்போது உனக்கு வீடியோ கால் போடுறேம்மா" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! வீடியோ காலாம்! இவள் முதல் அடி எடுத்து வைத்ததை எதிர்வீட்டு லூர்துமேரி பார்த்தாள். முதல் பல் விழுந்ததை டீச்சர் பார்த்தாள். நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். இதையாவது நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவள் விமானம் ஏறுவதற்கு முன்னால் அடுத்த மே மாதம் மணாலி போகிறோம். நான், இவர், தாரணி, மூன்று பேர். முடிவு பண்ணிவிட்டேன்.

ஜூன் 23

பதினான்கே நாளில் இந்த மனிதர் கெடுத்துவிட்டார்.

கோவில்பட்டியில் இவருடைய அக்கா ராஜாமணி மதினி வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்ததும், "அடுத்த வருஷம் நாங்க மணாலி போறோம்க்கா" என்று ஆரம்பித்தார். பதினொரு மாதத்துக்கு முன்னாலேயே! கேட்டால், பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகக்கூடாதாம்.

"எத்தன பேருடா?"

"மூணு பேருதான்க்கா."

"மூணு பேராவா? மூணு பேரா ஊருக்குக் கெளம்பக்கூடாதுன்னு தெரியாதா? நம்ம வீட்டுல என்னைக்குடா மூணு பேராப் போயிருக்கோம்?"

எங்கள் அம்மா வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் நாங்கள் ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நாலாவது ஆள் என்று கிளம்பிவிடுவோம். கல்லுக்குச் சோறு வேண்டாம், ஜன்னல் ஓர சீட்டு வேண்டாம். அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இவர், "அப்ப நீங்களும் வாங்களேன்க்கா" என்றார். ஒரு மரியாதைக்குச் சொல்கிறதுதான். வேறு யாராக இருந்தாலும் "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டுவார்கள். மதினி, "அதுக்கென்ன, வாரேன்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்பதையும் எழுதித் தொலைக்கிறேன். "வாங்க மதினி, நீங்க வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றேன். சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினேன்.

ஜூன் 24

மதினி தனியாக வர மாட்டாராம். அவர் வீட்டுக்காரர் வேலுச்சாமி அண்ணனும் வருகிறார். ஐந்து பேர்.

ஜூலை 14

காலையிலிருந்து கைரேகை மிஷின் வேலை செய்யவில்லை. எழுபது வயசுக்காரருக்கு ஐந்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று, எதையும் எடுக்க மாட்டேன் என்கிறது. வரிசையில் ஒருத்தன், "என்னக்கா, கடைய நடத்துறியா தூங்குறியா?" என்றான். நான் போட்ட சத்தத்தில் குடும்ப அட்டையைக் கீழே போட்டுவிட்டான். பாமாயில் பாக்கெட்டை அவன் கையில் கொடுக்கிற வரைக்கும் நான் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவர் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டால், மதினியின் மகனும் மருமகளும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்களாம். "பேரனும் பேத்தியும் இல்லாம அக்கா எப்படிப் பதினஞ்சு நாளு இருக்கும், நீயே சொல்லு" என்றார். என்னத்தைச் சொல்ல? காபி போட்டுக் கொடுத்தேன். ஒன்பது பேர்.

ஆகஸ்ட் 20

என் கொழுந்தன் குருசாமி கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி அழாத குறை. "ஊருக்கெல்லாம் தெரியுது, கூடப் பொறந்தவனுக்குத் தெரியல. நாங்க என்ன வேண்டாதவங்களாண்ணே?" இவருக்குக் கண் கலங்கிவிட்டது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத மனுஷன் என் தலையில் வந்து விடிந்திருக்கிறார். கோபத்தைத் தணிக்கிறதற்காகக் கூப்பிட்டார். கோபம் உடனே தணிந்துவிட்டது. கொழுந்தன், அவர் மனைவி, மகன். பன்னிரண்டு பேர்.

கடைசியில் போனை என்னிடம் கொடுத்தார். "வாங்க தம்பி, எல்லாரும் சேந்து போனாத்தான நமக்கும் சந்தோசம்" என்றேன். என் நாக்கு யார் பேச்சைக் கேட்கிறதோ தெரியவில்லை.

செப்டம்பர் 15

தாரணி அடுப்படி மேடையில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் படிக்கிறாள். பனிக்கு அவர்கள் ஊரில் ஷ்னே என்பார்களாம். உப்பு, தண்ணீர், அம்மா எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் வேறு யாருக்கும் புரியாத பாஷையில் என் மகள் கடகடவென்று பேசுகிறாள். கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது. போய் வெளியே உட்கார்ந்து படி என்று விரட்டிவிட்டேன். மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன், அந்த நெடிதான் காரணமாக இருக்கும்.

தீபாவளிக்கு மறுநாள்

மதினி அதிரசத் தூக்குவாளியோடு வந்து இறங்கினார். கால் கழுவி உட்கார்ந்து, வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"ஏண்டா தர்மராசு, வடக்க அம்புட்டுத் தூரம் போயிட்டு காசிக்குப் போகாமயா வாரது?"

"காசி வேற பக்கம்லக்கா."

"எல்லாம் வடக்கதான. அப்பா செத்து நாலு வருசம் ஆச்சு. கயாவுல ஒரு பிண்டம் வைக்கலையேடா நீ. மூத்தவன்தான நீ?"

அவ்வளவுதான். இவர் தரையைப் பார்த்தார். மாமனார் பேரை எடுத்த பிறகு யார் என்ன பேச முடியும்? முதலில் காசி, கயா. அதற்குப் பிறகு நாள் மிச்சமிருந்தால் மணாலி என்று திட்டத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். நாள் மிச்சமிருந்தாலாம்! என் மகளுக்கு நான் போட்ட பயணம், கடைசியில் மிச்சமாகிக் கிடக்கிறது.

அப்புறம் வேலைப் பங்கீடு. பன்னிரண்டு பேருக்கும் புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, பருப்புப் பொடி எல்லாம் என் பொறுப்பு. ரயிலில் வாங்கிச் சாப்பிட்டால் மதினிக்கு ஒத்துக்கொள்ளாது. போகிற இடத்திலும் ரூமில் அடுப்பு வைத்துச் சோறு பொங்கிவிடலாமாம். "நீதான் இருக்கியே ஜெயா, ஒனக்கென்ன, நிமிசத்துல ஆக்கிருவ" என்றார். வீட்டில் ஆக்குகிற சோற்றைக் காசியில் போய் ஆக்குவதற்கு எனக்கு எதற்கு ரயில்?

காசிக்குப் போனால் ஒரு காயையும் ஒரு பழத்தையும் ஆயுசுக்கும் விட்டுவிட்டு வர வேண்டும். வேலுச்சாமி அண்ணன் பாகற்காயை விடுகிறாராம். பிறந்ததிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. இவர் கொத்தவரங்காய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க என்ன இருக்கு, நீ மாம்பழத்த விட்ரு, ஒனக்குச் சீனி வந்தாலும் வரும்" என்று மதினியே முடித்துவிட்டார். எனக்கு உலகத்திலேயே பிடித்தது ஒரு மாம்பழம். அதிலும் கையை வைத்தாயிற்று.

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தாரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 24

மூன்று கிலோ மிளகாய் காயப் போட்டேன். மழை வந்து நனைந்துவிட்டது. மழையைத் திட்டினேன்.

ஜனவரி 11

பொங்கல் தொகுப்பு. டோக்கன் கொடுத்தும் ஊரே ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. கரும்பில் குட்டையைக் கொடுத்தாய், நெட்டையைக் கொடுத்தாய் என்று சண்டை. ஒரு கவுன்சிலர் ஆள் வரிசையைத் தாண்டி உள்ளே வந்தான். "நீ யாரா இருந்தா எனக்கென்ன? பின்னால போய் நில்லு!" என்றேன். போய் நின்றான்.

தாரணி மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவள் அரை மணி நேரம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ இங்க ராணிம்மா" என்றாள். பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை. சாப்பாடு ஆறிப்போய்விட்டது என்று அவளிடமும் கத்தினேன்.

பிப்ரவரி 16

மணாலி கிடையாது.

மதினியின் பேத்திக்குச் சளி பிடித்துக்கொண்டதாம். இங்கே, கோவில்பட்டியில், இந்த வெயிலில்! இங்கேயே சளி பிடிக்கிற பிள்ளைக்குப் பனியில் என்ன ஆகும் என்று மருமகள் கேட்டிருக்கிறாள். அதனால் காசி, கயா, அயோத்தி, பிரயாகை. முடிந்தது.

இவர் சட்டையைக் கொடியில் மாட்டிக்கொண்டே சொன்னார், ஏதோ கரண்ட் பில் கட்டியாயிற்று என்கிற மாதிரி. "தாரணிக்கென்ன, ஜெர்மனியில பனி கொட்டிக் கெடக்கு. அங்க போய்ப் பாத்துக்கிடும்."

அதுதானய்யா வேண்டாம் என்றேன் எனக்குள்ளே. அங்கே போய்ப் பார்ப்பாள் என்பதுதானே என் வயிற்றெரிச்சல். அங்கே பார்க்கும்போது பக்கத்தில் யாரோ நிற்பார்கள், எவளோ ஒருத்தி, பெயர் வாயில் நுழையாத ஒருத்தி. ஆனால் நான் சொன்னது, "சாப்பிட வாங்க" என்று மட்டும்தான். சாம்பாரில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டார், அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

தாரணியிடம் சொன்னேன். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாளா இந்தப் பெண்?

மார்ச் 12

ரயிலுக்கு அறுபது நாளைக்கு முன்னால் காலை எட்டு மணிக்கு டிக்கெட் பதிவைத் திறக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் போனில் வேகமாக டிக்கெட் போடத் தெரிந்த ஒரே ஆள் நான். கடை மிஷினைத் தட்டித் தட்டிப் பழகிய விரல். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் ஏறும். பெயர், வயசு, ஆணா பெண்ணா, கீழ் பெர்த்தா மேல் பெர்த்தா என்று முதல் நாளே எழுதிவைத்து, எட்டு மணி அடித்ததும் ஏற்றினேன். எட்டு ஏழுக்கு இரண்டு டிக்கெட்டும் கையில். எல்லாம் உறுதி, மதினிக்குக் கீழ் பெர்த்.

இவர், "நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று பல் தெரியச் சிரித்தார். பன்னிரண்டு பேரையும் என் விரலாலேயே காசிக்கு ஏற்றிவிட்டு, பிறகு போய் மண்ணெண்ணெய் கேட்டு வந்தவளைக் காரணமில்லாமல் திட்டினேன். பாவம், அவள் நல்லவள்.

ஏப்ரல் 6

ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜூலை இல்லையாம், ஜூன் முதல் தேதியே சேர வேண்டுமாம். மே 28 விமானம்.

தாரணி சொன்னபோது சேமியா கிளறிக்கொண்டிருந்தேன். நன்றாக வந்தது. ஒட்டவே இல்லை.

ஏப்ரல் 13

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மதினி போன். இவர் முற்றத்தில் நின்று, "ஆமாக்கா, சரிக்கா, அதுவும் சரிதான்" என்று கால் மணி நேரம் பேசினார். உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே விவகாரம்தான்.

"அக்காவோட சம்பந்தி ரெண்டு பேரும் காசிக்கு வரணுங்கிறாக. இனிமே டிக்கெட் இல்லியாம். தாரணி இருபத்தெட்டாந்தேதி கெளம்புது. சாமான் கட்டணும், சட்ட துணி எடுக்கணும். நீயும் தாரணியும் இருந்துக்கிட்டா, அந்த ரெண்டு எடத்துல அவுகளப் போட்ரலாம்னு அக்கா சொல்லுது. ஒனக்கும் அலைச்சல் மிச்சம்ல?"

பெயரை மாற்றிக்கொடுக்க முடியாது என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அது கிடக்கட்டும். ஜூன் ஒன்பதாம் தேதி, மூன்று பேருக்கு நான் போட்ட பயணம். இப்போது அதில் நான் இல்லை. என் மகள் இல்லை. என் புளிக்காய்ச்சல் மட்டும் போகிறது.

"பார்ப்போம்" என்றேன். சத்தியமாக, அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

உள் அறைக் கதவு படாரென்று திறந்தது. தாரணி இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை.

"என்னத்தம்மா பார்ப்போம்? கடையில ஊரையே வெரட்டுறியே, அத்தகிட்ட ஒரு நாளாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கியா? பத்து மாசமா அந்த டைரியில பேனாவ அமுக்கி அமுக்கி எழுதுற, பின்பக்கம் எல்லாம் கிழியுது. அது யாரு காதுக்குக் கேக்கும்?"

"ஒனக்காகத்தாண்டி இம்புட்டும்..."

"எனக்காகன்னு சொல்லாத! நான் பனியவா கேட்டேன்? பத்து நாளு ஒங்கூட இருக்கலாம்னு நெனச்சேன். சமைக்காம, கடைக்குப் போகாம, சும்மா இருக்கிற அம்மாகூட. அதுக்குக்கூட பன்னெண்டு பேரு வேணுமா?"

இவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நானும் தாரணியும் சண்டை போட்டோம். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். "போறவதான, போ" என்றும் சொன்னேன்.

ஏப்ரல் 16

மூன்று நாளாக அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. துவரம் பருப்பு வரத்து இல்லை. ஜனங்கள் என்னைக் கேட்கிறார்கள், நான் யாரைக் கேட்க?

ஏப்ரல் 20

கோவில்பட்டிக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். இவரிடம் சொல்லவில்லை.

மதினி வீட்டு அடுப்படியில் முறுக்கு வெந்துகொண்டிருந்தது, காசிக்குத்தான். "வா ஜெயா, என்ன திடீர்னு?" என்றார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் காபி வரும், காபி குடித்தால் வார்த்தை போய்விடும்.

"மதினி, அந்தப் பயணம் நான் போட்டது. எம் மககூடப் பனி பாக்கணும்னு போட்டது. அதுல நாலாவதா வந்தது நீங்க. வந்து, எடத்த மாத்தி, நாள மாத்தி, மாம்பழத்தக்கூட விடச் சொல்லி, இப்ப எங்க ரெண்டு பேரையே எறக்கி விட்டுட்டீங்க. எனக்கு இது பிடிக்கல. மொத நாள்லருந்தே பிடிக்கல."

கடைக் குரல்தான் வந்தது. வாசலில் வெங்காயம் விற்றவன்கூட நின்று பார்த்தான்.

மதினி கரண்டியைக் கீழே வைத்தார். சண்டை வரும் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டேன். அவர் நிதானமாகக் கேட்டார்:

"பிடிக்கலைன்னு இப்பத்தான சொல்ற? காதுகுத்துப் பந்தியில 'வாங்க மதினி, நல்லாத்தான் இருக்கும்'னு சொன்னது யாரு? குருசாமிய 'வாங்க தம்பி'ன்னது யாரு? டிக்கெட் போட்டது யாரு?"

பாவி மனுஷி, ஒவ்வொன்றையும் தேதி வாரியாகச் சொன்னார்.

"எனக்குப் பனியில என்னத்தா வேல? இருவது வருசமா காசிக்குப் போகணும்னு கெடக்கேன். ஒங்க அண்ணங்கிட்டக் கேட்டா மூட்டு வலிங்கிறாரு. மகங்கிட்டக் கேட்டா லீவு இல்லங்கிறான். என்னைய யாரு கூட்டிட்டுப் போவா? நீங்க வாங்கன்னீக, விட்டா எங்க இன்னொரு தடவ கூப்பிடப் போறீகன்னு புடிச்சுக்கிட்டேன். ஒரு நாளு நீ மூஞ்சியச் சுளிச்சிருந்தாக்கூட எனக்குத் தெரிஞ்சிருக்கும். சிரிச்சிக்கிட்டேல்ல இருந்த?"

இதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நியாயத்தைப் பேசுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது? அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அது மதினி மேலே இல்லை, அதனால் எங்கே கொண்டுபோய் வைக்க என்று தெரியவில்லை.

சோறு போட்டார், சாப்பிட்டேன். கிளம்பும்போது, "புளிக்காய்ச்சல மட்டும் குடுத்து விட்ரு ஜெயா, ஒன் கை ருசி வராது எங்களுக்கு" என்றார். இந்த மனுஷியை என்ன செய்ய!

ஏப்ரல் 21

டிக்கெட்டில் என் பெயரையும் தாரணி பெயரையும் எடுத்துவிட்டேன். சம்பந்தி வீட்டார் அவர்கள் பாட்டுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும். இவரிடம், "நீங்க போய் மாமாவுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டு வாங்க. நானும் தாரணியும் பனிக்குப் போறோம்" என்றேன். "ரெண்டு பேராவா?" என்றார். "ஆமா, ரெண்டு பேராத்தான்." உடனே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

தாரணியிடம் போய், "பெட்டியில ஸ்வெட்டர எடுத்து வை" என்றேன். அவள் எழுந்து வந்து என் முந்தானையில் கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை.

மே 5

லீவு வாங்கிவிட்டேன். டிக்கெட்தான் இல்லை. டெல்லி ரயில் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டி நிற்கிறது. தட்கல் ஒன்றுதான் வழி, கிளம்புவதற்கு முதல் நாள் காலை பதினொரு மணிக்குத் திறக்கும். பதினொரு மணிக்கு நான் கடையில் இருப்பேன், வாசலில் ஐம்பது பேர் இருப்பார்கள்.

பத்து ஐம்பத்தைந்துக்கு எழுந்து நின்று சொன்னேன். "இந்தா பாருங்க, பதினோரு மணிக்குப் பத்து நிமிசம் கடை நிக்கும். எம் மக வெளிநாடு போகுது, அதுகூட ஊருக்குப் போக டிக்கெட் போடணும். கத்துறவங்க இப்பவே கத்திக்கிடுங்க."

யாரும் கத்தவில்லை. ஜூலையில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானே, "கடைய நடத்துறியா தூங்குறியா" என்றவன், அவன் முன்னால் வந்தான். "இங்க சிக்னல் நிக்காதுக்கா. வேப்ப மரத்தடிக்கு வா, அங்க நல்லா எடுக்கும்" என்றான். மரத்தடிக்குப் போனேன். வரிசையும் என் பின்னாலேயே வந்தது. ஒருத்தி மணியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பதினொன்று அடித்தது. போனில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் தடவை போய்விட்டது. அசிங்கமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது தடவை வந்துவிட்டது. இரண்டு பெர்த், ஒன்று மேல், ஒன்று நடு.

அத்தனை பேரும் கை தட்டினார்கள். "போதும் போதும், வரிசையில போய் நில்லுங்க" என்று விரட்டினேன். கண்ணில் ஏதோ தூசி.

மே 6

மதுரை ஸ்டேஷனுக்கு இவர் வந்தார். அச்சகத்துக்கு அரை நாள் லீவு போட்டிருக்கிறார். கையில் ஒரு பை, உள்ளே இரண்டு குரங்குக் குல்லா, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. மே மாத மதுரையில் எந்தக் கடையில் தேடி வாங்கினாரோ.

"நானும் வந்திருக்கணும் ஜெயா. எனக்குத்தான் சொல்லத் தெரியல" என்றார். எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் ரயில் நகர்ந்ததும் அந்த மனிதர் ஜன்னலோடு ஓடி வந்ததைப் பார்த்து, "விழுந்திராதீங்க!" என்று கத்தினேன்.

மே 8

இரண்டு நாளாக அடுப்பைப் பார்க்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தாரணியின் தலையைப் பிடித்து இழுத்து வைத்துப் பேன் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

மே 11, மணாலி

நேற்றுக் காலை ஜீப்பில் போனோம். வழியில் ஒரு கடையில் வாடகைக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிவிட்டார்கள். என் கோட்டில் யாருடைய வியர்வையோ நாறியது. நீளமான ஒரு சுரங்கத்தைத் தாண்டியதும், வெளியே எல்லாம் வெள்ளை.

பனி நான் நினைத்த மாதிரி இல்லை. ரோட்டோரத்தில் சேறும் டயர் தடமுமாகக் கிடந்தது. இதற்கா ஒரு வருஷம் என்று ஒரு நிமிஷம் எரிச்சல் வந்தது. கொஞ்சம் மேலே ஏறினோம். அங்கே யாரும் மிதிக்காத இடம் இருந்தது. தாரணி மண்டி போட்டு உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள். இரண்டு கையையும் உள்ளே விட்டாள். "ஐயோ!" என்று கத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டேன். அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன்.

ஒரு கைப்பிடி அள்ளி என் கையில் வைத்தாள். "எப்படிம்மா இருக்கு?"

ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போகாதடி" என்று வந்தது.

வந்த பிறகு நிறுத்த முடியவில்லை. "போகாத. அங்க யாரு இருக்கா ஒனக்கு? காய்ச்சல் வந்தா யாரு பாப்பா? ஊருக்கெல்லாம் நல்லது நல்லதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வயிறு எரியுதுடி. நீ போகக் கூடாது. எனக்குப் பிடிக்கல. நீ போறது எனக்குப் பிடிக்கல!" மலை முழுக்கக் கேட்டிருக்கும். படம் பிடித்துக்கொண்டிருந்த வடக்கத்திக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கையில் இருந்த பனி உருகி கோட்டுக் கைக்குள் ஓடியது.

தாரணி முழங்காலாலேயே நகர்ந்து என் பக்கத்தில் வந்தாள்.

"இதத்தான் ஒரு வருசமாச் சொல்லாம இருந்தியாம்மா?"

"ஆமா."

"நான் போவேம்மா."

"தெரியும். போ. போகாதன்னு நான் சொன்னேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ."

அவளுக்கு உதடு கோணிக்கொண்டது. "வேலை கெடச்சிருக்குன்னு சொன்ன அன்னைக்கு, நீ 'சரி'ன்னு சொல்லிட்டு அரிசி களையப் போயிட்ட. ஒனக்கு ஒண்ணுமே இல்ல போலன்னு நெனச்சேன். ஒரு வருசமா அதத்தான் நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளையில் அழுவாளே, அப்படி வாயைப் பிளந்துகொண்டு அழுதாள். நானும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. ஜீப்காரன் கீழேயிருந்து ஏறி வந்து, நேரமாகிவிட்டது, கோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இந்தியில் சத்தம் போட்டான். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், அங்க போய் நில்லுய்யா!" என்று நான் தமிழில் சத்தம் போட்டேன். அவன் போய் நின்றான்.